ஆவியா, வெந்நீரா?

2011 ஜனவரியில் இத்தாலியின் போலோஞா நகரில் ஆந்திரேயா ரோசி ஒரு கருவியை இயக்கிக் காட்டினார். கொடுத்த மின்சாரத்தைவிடப் பல மடங்கு வெப்பம் தருமாம்! உள்ளே விட்ட தண்ணீர் முழுவதும் ஆவியாயிற்று என்பது அவர் கணக்கு.

ஆயிற்றா? அங்கேதான் சந்தேகம். இட்லிப் பானை ஆவியிலும் நீர்த்துளிகள் கலந்து வரும். 20 டிகிரியில் உள்ள ஒரு கிராம் நீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர 80 கலோரி போதும். ஆவியாக்க மேலும் 540 வேண்டும். துளியையும் ஆவி என்று எண்ணினால் கணக்கு பல மடங்கு ஏறிவிடும். அன்று வைத்ததோ காற்றின் ஈரத்தை அளக்கும் கருவி. துளிகளை அது காட்டாது.

நம் மேட்டூர் அனல் மின்நிலையத்தில் துளி பட்டால் டர்பைன் தேயும். அதனால் ஆவியை மேலும் சூடேற்றியே விடுகிறார்கள்.

இப்படி ஒரு கருவிக்கு யாராவது பங்குப் பணம் கேட்டு வந்தால், 50 கிலோ குளிர்ந்த நீரில் அதன் ஆவியை விடச் சொல்லுங்கள். எடை ஒரு கிலோ கூடும்போது நீர் 12 டிகிரி சூடேறினால் ஆவி. ஒன்றரை டிகிரிதானா? வெறும் வெந்நீர்!