மனநோய் கண்டோரின் குடும்பத்தினர் சார்பில் மகாஜனங்களுக்கு ஒரு விண்ணப்பம்

மகாஜனங்களே,

2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி விடியுமுன், இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில், தனியார் மனநலக் காப்பகமொன்றின் ஓலைக்கொட்டகை தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் தப்பியோட இயலாமல் 28 பேர் மாண்டனர். அத்தகைய இடங்களில் தம்மவரைக் கொண்டுபோய் விடுகிறவர்கள் கல்நெஞ்சர்களல்லர். வேறு வழி தெரியாத பெற்றோரும் உடன்பிறந்தாருமே என்பதை நாங்கள் அறிவோம்.

கல்லூரிக்குப் போய்க்கொண்டிருந்த பிள்ளை, உறக்கம் கெட்டு, குளிப்பதை மறந்து, தனக்குத்தானே பேசிச் சிரித்து, சோற்றில் விஷம் கலந்திருப்பதாகப் பெற்ற தாயையே சந்தேகிக்கத் தொடங்கும்போது, அதைச் சோம்பலென்றும் திமிரென்றும் செய்வினையென்றும் சொல்லிச் சொல்லியே மாதங்கள் கழிந்துவிடுகின்றன. அதற்குள் தகப்பனார் உத்தியோகத்தை விட்டிருப்பார், தாயார் கல்யாணம் கார்த்திகைக்குப் போவதை நிறுத்தியிருப்பார், தங்கைக்கு வந்த வரன் காரணம் சொல்லாமலே திரும்பிப் போயிருக்கும். நோயோடு போராடுவதைக் காட்டிலும் அதை மறைப்பதற்கே குடும்பத்தின் சக்தி பெரிதும் விரயமாகிறது. மறைக்கும்படி நேர்வதோ உங்கள் வாய்க்கு அஞ்சித்தான்.

“ஒரு கால்கட்டுப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும்” என்று யோசனை சொல்கிறவர் பந்தியில் உண்டு, தாம்பூலம் பெற்றுப் போய்விடுவார். அந்த வீட்டில் வாழவந்த பெண்ணுக்கு என்ன சமாதானம் சொல்வது? குணசீலம் கோயிலில் ஒரு மண்டலம் தங்குவதையோ, ஏர்வாடி தர்காவில் வேண்டிக்கொள்வதையோ நாங்கள் குறைகூறவில்லை (எங்களில் அவ்வாறு போகாதவர் சிலரே). பிரார்த்தனை மருந்துக்கு விரோதமன்று. மருந்தைத் தாமதிப்பதே விரோதம்.

மாவட்ட அரசுத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, மாத்திரைகள் இலவசம். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். தெளிவு கண்டதும் மருந்தைத் தாமாக நிறுத்தினால், நோய் பெரும்பாலும் திரும்பிவிடும். “எனக்கு நோயே இல்லை” என்று நோயாளி மறுப்பது பிடிவாதமன்று. பலருக்கு அதுவே நோயின் லக்ஷணம். அத்தகையவரையும் வைத்தியரின் பரிசோதனையோடு, குறித்த காலத்துக்கு அனுமதித்துச் சிகிச்சை அளிக்க 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இடம் தருகிறது. சங்கிலியிடுவதை அச்சட்டம் முற்றிலும் தடை செய்திருக்கிறது. செய்வதறியாத இரவுகளில் 14416 என்ற எண்ணை அழைத்தால், கட்டணமின்றித் தமிழிலேயே ஆலோசனை பெறலாம்.

நாங்கள் உங்களிடம் பொருளுதவி கேட்கவில்லை. அடுத்த வீட்டில் கூச்சல் கேட்டால் வேடிக்கை பார்க்கத் திரளாமல், மருத்துவமனைக்குப் போக ஒரு வண்டி பிடித்துத் தாருங்கள். மாத்திரை தின்றால் மூளை மழுங்கிவிடும் என்று நோயாளியின் காதுபடப் பேசாதீர்கள். இந்நோய் வம்சத்தில் ஓரளவு தொடரக்கூடும் என்பதை நாங்கள் மறுக்கவில்லை. ஆயினும் உடன்பிறந்தாரில் மிகப் பெரும்பாலோர் அதைக் காணாமலே வாழ்கின்றனராதலால், தமையனுக்கு நோயென்ற ஒன்றையே கொண்டு தங்கையின் சம்பந்தத்தைத் தட்டிக்கழிக்காதீர்கள்.

இங்ஙனம்,
மனநோய் கண்டோரின் குடும்பத்தினர்