சிறு தரகர்மீது வங்கியின் சுமை

வீடு, மனை விற்பனைக்குத் துணைநிற்கும் முகவர்களை மத்திய அரசு 2020 டிசம்பர் 28 அன்று சட்டவிரோதப் பணப் பரிமாற்றத் தடுப்புச் சட்டத்தின்கீழ் கொண்டுவந்தது. ஆண்டு விற்றுமுதல் 20 லட்சம் ரூபாயைத் தொட்ட முகவர் எவரும், வங்கிகள் செய்யும் கண்காணிப்பு வேலைகளில் பெரும்பாலானவற்றைத் தாமும் செய்தாக வேண்டும். கறுப்புப் பணம் நிலத்தில் பதுங்குவதைத் தடுக்க வேண்டும் என்பதில் நமக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் இப்போதைய விதிகள் பதுக்குபவரைவிடச் சிறு தரகரைத்தான் அதிகம் வாட்டுகின்றன. அவை திருத்தப்பட வேண்டும்.

20 லட்சம் என்றதும் பெரிய நிறுவனங்களுக்கு மட்டுமான சட்டம் என்று தோன்றலாம். கணக்குப் போட்டுப் பார்த்தால் நிலைமை வேறு. சென்னையில் ஒரு கோடி ரூபாய்க்கு ஒரு வீடு கைமாறுவது இன்று சாதாரணம். இரண்டு சதவீதக் கமிஷன் என்றால் தரகருக்கு இரண்டு லட்சம். ஆண்டுக்குப் பத்து வீடுகளை முடித்துக்கொடுத்தால் வரம்பைத் தொட்டுவிடுவார். விற்பவர், வாங்குபவர் இருவரிடமும் கமிஷன் பெறும் வழக்கம் உள்ள இடங்களில் ஐந்து வீடுகளே போதும். அந்த 20 லட்சமும் லாபம் அல்ல. கடை வாடகை, விளம்பரம், உதவியாளர் சம்பளம், கூட வேலை செய்த இன்னொரு தரகருக்கான பங்கு எல்லாம் அதிலிருந்துதான் போக வேண்டும்.

இவர் செய்ய வேண்டியவை என்ன? நிதிப் புலனாய்வுப் பிரிவில் பதிவுசெய்து, அதன் இணையதளத்தில் அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். முதன்மை அலுவலர் என ஒருவரை நியமிக்க வேண்டும். இரண்டு பேர் நடத்தும் அலுவலகத்தில் அது உரிமையாளரேதான். வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும். வாங்குவது ஒரு கம்பெனி என்றால் அதில் பத்து சதவீதத்துக்கு மேல் பங்கு வைத்திருப்பவர்கள் யார் யார் என்று தேடிப்பிடிக்க வேண்டும். ஐ.நா. தடைப் பட்டியலில் வாடிக்கையாளரின் பெயர் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 10 லட்சம் ரூபாய்க்கு மேற்பட்ட ரொக்கப் பரிவர்த்தனைகளையும், தொகை எதுவானாலும் சந்தேகத்துக்குரியவற்றையும் தெரிவிக்க வேண்டும். ஆவணங்களை ஐந்து ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். ஒவ்வொரு தவறுக்கும் 10 ஆயிரம் முதல் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. பெரிய நிறுவனம் இதற்கென்று ஒரு தனிப் பிரிவையே வைத்துக்கொள்ளும். தெருமுனைத் தரகர் ஆடிட்டருக்குப் பணம் கட்டி, ஆங்கிலத்தில் உள்ள வழிகாட்டுதலைப் படித்துச் சொல்லும்படி கேட்க வேண்டியிருக்கிறது.

எதிர்த் தரப்பின் வாதம் வலுவானது. அதை ஒதுக்கிவிட முடியாது. ஒரு கிரயத்தில் பத்திரத்தில் எழுதிய தொகை எவ்வளவு, கையில் கொடுத்த தொகை எவ்வளவு, யார் பெயரில் யார் வாங்குகிறார் என்பதெல்லாம் தரகருக்குத் தெரியும். வங்கி மேலாளருக்கும் சார்பதிவாளருக்கும் தெரியாத உண்மை அது. அதனால் தரகரைச் சட்டத்திலிருந்து முழுவதுமாக விடுவிக்கக் கோருவது நியாயமல்ல. அரசுக்கு அவரிடமிருந்து தேவைப்படுவது அவருடைய கண்ணும் காதும்தான். சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனையை அச்சமின்றித் தெரிவிக்க ஓர் எளிய வழியை அரசு தர வேண்டும். அதை விட்டு, வங்கி ஏற்கெனவே சரிபார்த்த அடையாள ஆவணங்களை அவரும் நகலெடுத்து அடுக்கிவைப்பதால் ஒரு பினாமியும் பிடிபடப்போவதில்லை. வங்கிகள் ஆதார் வழியே உடனடியாக அடையாளத்தை உறுதிசெய்கின்றன. தனி அறிவிக்கை இல்லாமல் தரகருக்கு அந்த வசதியும் கிடையாது.

மற்ற வலைகளும் ஏற்கெனவே விரிக்கப்பட்டிருக்கின்றன. 50 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட சொத்துக்கு வாங்குபவரே ஒரு சதவீத வரியைப் பிடித்துக் கட்ட வேண்டும். 30 லட்சம் அல்லது அதற்கு மேற்பட்ட பதிவுகள் வருமான வரித் துறைக்குத் தெரிவிக்கப்படுகின்றன. 2015 ஜூன் முதல், சொத்து விற்பனைக்கு 20 ஆயிரம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக முன்பணம் பெற்றால் அதே அளவு தொகை அபராதம். இத்தனை இருந்தும் கறுப்புப் பணம் புழங்குவதற்கு முக்கியக் காரணம், அரசு நிர்ணயிக்கும் வழிகாட்டி மதிப்புக்கும் சந்தை விலைக்கும் உள்ள இடைவெளி. தமிழ்நாட்டில் 2017இல் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தார்கள். 2023இல் பழைய அளவுக்கே கொண்டுவந்தார்கள். முத்திரைத் தீர்வை ஏழு, பதிவுக் கட்டணம் இரண்டு என ஒன்பது சதவீதம் கட்ட வேண்டிய இடத்தில், மதிப்பைக் குறைத்து எழுதும் ஆசை வாங்குபவருக்கும் வருகிறது. மீதித் தொகை ரொக்கமாகிறது. இந்த இடைவெளியை அரசு மூடாதவரை தரகர் எத்தனை படிவம் நிரப்பினாலும் பயன் குறைவே.

இன்னொரு கேள்விக்கும் அரசு பதில் சொல்ல வேண்டும். முகவர்களைப் பெயர் சொல்லிச் சேர்த்த அந்த அறிவிக்கை, தன் அடுக்கக வீடுகளைத் தானே நேரடியாக விற்கும் கட்டுமான நிறுவனத்தைச் சேர்க்கவில்லை. நூறு வீடுகளை விற்பவருக்கு இல்லாத கடமை, பத்து வீடுகளுக்குத் தரகு பார்ப்பவருக்கு எப்படி வந்தது?

இந்த விதிகளுக்கு அடிப்படையான பரிந்துரைகளை வகுத்த எஃப்ஏடிஎஃப் என்ற பன்னாட்டு அமைப்பே, ஆபத்து குறைந்த இடங்களில் எளிய நடைமுறை போதும் என்கிறது. 2025 பிப்ரவரியில் தன் பரிந்துரையைத் திருத்தி அதை மேலும் வலியுறுத்தியது. எனவே மத்திய நிதி அமைச்சகம் சில மாற்றங்களை உடனே செய்ய வேண்டும். முழுத் தொகையும் வங்கி வழியே செல்லும் விற்பனைகளில் வங்கியின் சரிபார்ப்பையே போதுமானதாக ஏற்க வேண்டும். ரெரா எனப்படும் வீடு, மனை ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவையும் நிதிப் புலனாய்வுப் பிரிவின் பதிவையும் ஒன்றாக்க வேண்டும். படிவமும் வழிகாட்டுதலும் தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில் வர வேண்டும். முதல் தவறுக்கு அபராதத்துக்குப் பதில் எச்சரிக்கை போதும். நேரடியாக விற்கும் கட்டுமான நிறுவனங்களையும் சட்டத்துக்குள் கொண்டுவர வேண்டும். வழிகாட்டி மதிப்பைச் சந்தை விலையோடு ஒட்டி வைத்து, தீர்வையைக் குறைக்கும் பொறுப்பு தமிழக அரசுக்கு இருக்கிறது.