ராஜகால்வாயும் புல்டோசரும்

பெங்களூரு நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் ஒரு மேட்டு நிலத்தின் மீது அமைந்துள்ளது. ஹெப்பாள், கோரமங்கலா–சல்லகட்டா, விருஷபாவதி ஆகிய பள்ளத்தாக்குகளின் வழியாகவே அங்கு மழைநீர் வடிகிறது. முதல் இரண்டின் நீர் தென்பெண்ணையில் கலந்து ஓசூர்ப் பகுதிக்கு வருகிறது. விருஷபாவதியின் நீர் அர்க்காவதி வழியாகக் காவிரியைச் சேர்கிறது.

இச்சரிவுகளில் ஏரிகள் அடுக்கடுக்காக வெட்டப்பட்டன. ஓர் ஏரியின் உபரிநீரை அடுத்த ஏரிக்குக் கொண்டுசெல்பவையே ராஜகால்வாய்கள். நிலவரி வசூலுக்காக அளந்து வரையப்பட்ட பழைய கிராம வரைபடங்களில் இவை பதிவாகியுள்ளன. நகரம் வளர்ந்தபோது ஆட்சியாளர்கள் அந்த வரைபடங்களைப் புறக்கணித்தனர். தர்மாம்புதி ஏரி பேருந்து நிலையமானது. சம்பங்கி ஏரி கண்டீரவா விளையாட்டரங்கமானது. அரசே காட்டிய வழியில் ரியல் எஸ்டேட் மூலதனம் நடந்தது.

2016 ஜூலை வெள்ளத்திற்குப் பிறகுதான் மாநகராட்சிக்குப் பழைய வரைபடங்கள் நினைவுக்கு வந்தன. பொம்மனஹள்ளி பகுதியில் வீடுகள் இடிக்கப்பட்டன. பத்திரப்பதிவும் வரி ரசீதும் வங்கிக் கடனும் வைத்திருந்த குடும்பங்கள் தெருவில் நின்றன. மனை போட்டு விற்றவர்களின் இலாபத்தை எந்தப் புல்டோசரும் தொடவில்லை.

அதே 2016இல், ஏரிகளைச் சுற்றி 75 மீட்டர் வரை கட்டுமானம் கூடாது என்று தேசிய பசுமைத் தீர்ப்பாயம் உத்தரவிட்டது. 2019 மார்ச்சில் உச்சநீதிமன்றம் அதனை ரத்து செய்தது. பெருந்திட்டத்தின் பழைய 30 மீட்டர் விதியே மீண்டது. சட்டப்படியான பெருந்திட்டத்தைத் திருத்தத் தீர்ப்பாயத்திற்கு அதிகாரமில்லை என்பதே காரணம். அவ்வாறெனில் அந்த அதிகாரமும் பொறுப்பும் மாநில அரசுக்கே உரியவை. நீதிமன்றத்தைக் காட்டி எந்த அரசும் தப்பித்துக்கொள்ள இயலாது. 2022 செப்டம்பரில் வெளிவட்டச் சாலை மூழ்கி, குடியிருப்புகளிலிருந்து மக்கள் டிராக்டர்களில் மீட்கப்பட்ட காட்சி நாடறிந்தது.

நீர்வழிகள் மீட்கப்பட வேண்டும் என்பதில் இருவேறு கருத்தில்லை. யாரிடமிருந்து, யாருடைய செலவில் என்பதே கேள்வி. கிராம வரைபடங்கள் சர்வே எண்களுடன் ஒவ்வொரு வார்டிலும் வெளியிடப்பட வேண்டும். மனை பதிவாகும் முன்பே கால்வாய் எல்லை சரிபார்க்கப்பட வேண்டும். அகற்றும் பணி பெரும் நிறுவனங்களின் ஆக்கிரமிப்பிலிருந்து தொடங்க வேண்டும். மாற்று வீடு வழங்காமல் உழைக்கும் மக்களின் ஒரு குடிசையும் இடிக்கப்படக் கூடாது. வெள்ளம் வடிந்தபின் ஏழையின் வாசலில் மட்டும் விரிக்கப்படும் வரைபடம், நகரத்தையும் காக்காது, ஏரியையும் காக்காது.