சின்னத் துப்பாக்கி, பெரிய கவனம்

அமெரிக்காவில் பாதிக்கும் மேற்பட்ட மாநிலங்களில் கைத்துப்பாக்கியை உடைக்குள் மறைத்து எடுத்துச்செல்ல இப்போது உரிமமே வேண்டாம். வாங்க வருகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது சின்னதுதான். ஆனால் சின்னது என்றால் சுலபம் என்று அர்த்தமில்லை. எடை குறையக் குறைய, சுடும்போது கையை அதிகமாக உதறும், குறி தப்பும். 15 குண்டுகள் கொள்ளும் க்ளாக் 19 கையில் நிலையாக நிற்கும். மெல்லிய சட்டைக்குள் வைத்தாலோ புடைத்துக்கொண்டு தெரியும். 2018-ல் வந்த சிக் சாவர் பி365, சுமார் அரை கிலோ எடையில் 10 குண்டுகளை அடக்கியதால்தான் அவ்வளவு பேசப்பட்டது.

துப்பாக்கிக்குக் கொட்டிக்கொடுப்பவர்கள் உறைக்குக் கணக்குப் பார்ப்பதுதான் வினோதம். க்ளாக்கில் தனியாக லாக் எதுவும் கிடையாது. டிரிக்கரை அழுத்தினால் வெடிக்கும். அதனால் டிரிக்கரை முழுதாக மூடி, இடுப்போடு இறுகப் பிடிக்கும் உறை அவசியம்.

கைப்பையில் வைத்தால்? 2014 டிசம்பரில் ஐடஹோ மாநிலத்தில் ஒரு தாய், துப்பாக்கிக்கென்றே தனி அறை வைத்துத் தைத்த கைப்பையைக் கடையின் தள்ளுவண்டியில் வைத்திருந்தார். வண்டியில் உட்கார்ந்திருந்த 2 வயது மகனின் கை அதற்குள் போனது. குண்டு பாய்ந்து தாய் இறந்துபோனார்.