காலி நாற்காலிக்கும் அனுமதி இல்லையா?



எங்கள் பகுதி சமுதாயக் கூடத்தில் ஞாயிறுதோறும் இலவச ஜப்பானிய மொழி வகுப்பு நடக்கிறது. தொடங்கி இரண்டு வாரம் கழிந்துவிட்டால் யாரையும் சேர்க்க மாட்டார்களாம். அடுத்த தொகுதிக்குத்தான் வர வேண்டுமாம். பணம் வாங்கும் பயிற்சி நிலையம் இப்படிச் சொன்னால் நான் கடிதம் எழுதப்போவதில்லை. இது மாநகராட்சிக் கூடம். வாடகை கிடையாது, மின்கட்டணமும் நம் வரிப்பணம்.

என் அக்கா மகள் செவிலியர். இரவுப் பணி மாறிய பிறகுதான் அவளுக்கு ஞாயிறு ஓய்வு கிடைத்தது. போய்க் கேட்டதும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். உள்ளே பாதி நாற்காலி காலி என்கிறாள். இலவச வகுப்புகளில் இது புதிதல்ல. முதல் வாரம் நிற்க இடமிருக்காது. ஹிராகனா எழுத்துகளோடு கொஞ்சம் பேர் போய்விடுவார்கள், கட்டகானா எழுத்துகளில் மீதிக் கூட்டமும் கரையும். போனவர்கள் விட்ட இடம் யாருக்கும் பயன்படாமல் கிடக்கிறது.

நடுவில் வருபவர்களுக்குப் புரியாது, மற்றவர்களும் பின்தங்குவார்கள் என்பது நடத்துபவர்களின் பதில். ஹிராகனாவில் அடிப்படை எழுத்துகள் 46, கட்டகானாவில் 46. முனைப்பு உள்ளவர் இவற்றை வீட்டிலேயே சில வாரங்களில் படித்துவிடலாம். ஜப்பான் அறக்கட்டளை 'இரோதோரி' பாடநூலை இணையத்தில் இலவசமாகவே தருகிறது. ஜப்பானிய மொழியில் வினைச்சொல் கடைசியில் வருவதும், வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதும் தமிழருக்கும் கன்னடருக்கும் பிறவிப் பழக்கம். (தமிழும் ஜப்பானியமும் உறவு மொழிகள் என்று ஜப்பானிய மொழி ஆய்வாளர் சுசுமு ஓனோ சொன்னதை மொழியியலாளர்களில் பெரும்பாலோர் ஏற்கவில்லை. அந்தச் சண்டை எப்படியோ போகட்டும், வகுப்பில் இந்த ஒற்றுமை கைகொடுக்கிறது.) சந்தேகம் இருந்தால் கால் மணி நேரம் எழுத்துச் சோதனை வைத்துச் சேர்க்கலாமே!

ஜப்பானிலேயே நகராட்சிக் கூடங்களில் தன்னார்வலர்கள் நடத்தும் வகுப்புகள் பலவற்றில் எப்போது வேண்டுமானாலும் சேரலாம். புதிதாக வருபவரை ஒரு தன்னார்வலர் தனியே உட்காரவைத்துத் தொடங்குவார். அங்கே முடிவது இங்கே முடியாதா?

ஜப்பானியம் படிப்பது பொழுதுபோக்கு விஷயமும் இல்லை. 2025 ஆகஸ்டில் டோக்கியோவில் இந்திய, ஜப்பானியப் பிரதமர்கள் சந்தித்தபோது, ஐந்து ஆண்டுகளில் 5 லட்சம் பேர் இரு நாடுகளுக்கும் இடையே போய்வரவும், அதில் 50,000 இந்தியத் திறன் பணியாளர்கள் ஜப்பான் செல்லவும் இலக்கு வைத்தார்கள். முதியோர் பராமரிப்பு வேலைக்கு 'குறிப்பிட்ட திறன்' விசாவில் போக வேண்டுமானால் ஜேஎல்பிடி என்4 அல்லது ஜேஎஃப்டி பேசிக் என்ற ஜப்பானிய மொழித் தேர்வில் தேர்ச்சி தேவை. அதற்கு மேல் பராமரிப்புத் துறைக்கென்று தனி மொழித் தேர்வும் உண்டு. ஜேஎல்பிடி ஜூலை, டிசம்பர் என்று ஆண்டுக்கு இரண்டே முறைதான். ஒரு தொகுதி தவறினால் ஒரு தேர்வும் தவறுகிறது. ஷிப்டில் வேலை செய்பவர்கள், ஐடிஐ தேர்வு முடித்து வரும் பிள்ளைகள், தனியார் நிலையக் கட்டணம் கட்ட வழியில்லாதவர்கள் எல்லோரும் இந்த விதியில்தான் அடிபடுகிறார்கள். தொடக்க நாளில் வர முடிந்தவர்களில் பலர் வேறெங்காவது பணம் கட்டியும் படித்துக்கொள்ளக் கூடியவர்கள்.

ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்துச் சொல்லித்தரும் ஆசிரியர்கள்மீது எனக்குக் குறை இல்லை. கூட்டம் கூடினால் அவர்களுக்குச் சிரமம் என்பதும் தெரியும். கூடத்தை இலவசமாகக் கொடுக்கும் மாநகராட்சி அதிகாரிகளிடம்தான் கேட்கிறேன். அடுத்த முறை அனுமதி தரும்போது, காத்திருப்போர் பட்டியலைக் கூடத்து வாசலில் ஒட்ட வேண்டும், தொடர்ந்து வராதவர்களின் இடத்தை அந்தப் பட்டியலில் இருப்பவர்களுக்குத் தர வேண்டும் என்று எழுத்தில் நிபந்தனை போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
அல்சூர், பெங்களூரு