மூளையின் தராசு

பொன்னேரிக் கடைத்தெருவில் 200 ரூபாயுடன் நிற்கும் ஒரு குடும்பத் தலைவியைக் கவனியுங்கள். ஒரு பக்கம் பழவேற்காட்டு இறால். மறு பக்கம் பையனுக்கு வேண்டிய நோட்டுப் புத்தகங்கள். இறாலையும் நோட்டுப் புத்தகத்தையும் எந்தப் படிக்கல்லால் நிறுப்பது? ஆயினும், அரை நிமிஷத்தில் அந்த அம்மாள் நிறுத்து முடித்துவிடுகிறாள்.

அந்தத் தராசு இருக்குமிடத்தை விஞ்ஞானிகள் ஓரளவு கண்டறிந்திருக்கிறார்கள். ஹார்வர்டு மருத்துவக் கலாசாலையில் பாடோவா-ஸ்கியோப்பா, அஸாத் என்னும் இருவர் குரங்குகளுக்கு இருவகைப் பானங்களை வெவ்வேறு அளவில் காட்டி, வேண்டியதைத் தேர்ந்துகொள்ள விட்டார்கள். கண்குழிகளுக்கு மேலே, நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளைப் பகுதியில் சில அணுக்கள், பானம் எதுவானாலும் அதன் மதிப்புக்குத் தக்கபடியே துடித்தன. பிடித்த பானத்தில் ஒரு துளியும், அவ்வளவாகப் பிடிக்காததில் பல துளிகளும் அங்கே ஒரே நிறையாயின. 2006-இல் வெளியான ஆராய்ச்சி இது. எல்லாப் பண்டங்களுக்கும் பொதுவான நாணயம் ஒன்றை மூளை வைத்துக் கொண்டிருக்கிறது போலும்!

ஆனால் தராசு நன்றாயிருந்தால் மட்டும் போதுமா? பிடிக்கும் கை நடுங்காமல் இருக்க வேண்டுமே! ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன் முதலிய நால்வர் நம் தமிழ்நாட்டிலேயே 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளுக்கு அறுவடைக்கு முன்பும் பின்பும் அறிவுப் பரீட்சை வைத்து, 2013-இல் முடிவை வெளியிட்டார்கள். அறுவடைக்கு முன் நூற்றுக்கு 78 பேரின் பொருள்கள் அடகில் இருந்தன. பின்போ 4 பேருடையவைதான். அதே மனிதர்கள், முடை தீர்ந்த பிறகு கூடுதலாக மதிப்பெண் பெற்றார்கள். பணக் கவலை கவனத்தைத் தின்றுவிடுகிறது என்பது அவர்கள் கண்ட முடிவு.

பொன்னேரியைச் சுற்றியுள்ள நெல் வயல்களிலும் மனித சுபாவம் வேறாக இராது. களத்துக்கு வருமுன்பே, கேட்ட விலைக்கு நெல்லைப் பேசி முடித்த குடியானவரை, "யோசனையில்லாத மனிதர்" என்று எளிதில் சொல்லிவிடுகிறோம். யோசிக்க அவருக்கு நிம்மதி இருந்ததா என்று கேட்பதில்லை. மாதச் சம்பளக்காரர்களாகிய நம் வீட்டுத் தராசும் 25-ஆம் தேதிக்கு மேல் எப்படி ஆடுகிறது என்பது நமக்குத் தெரியாததா?

ஆகவே கடன், நிலம், பிள்ளைகளின் படிப்பு ஆகிய பெரிய விஷயங்களில் குடியானவர்களிடம் சம்மதமும் கையெழுத்தும் கேட்போர், கூடியவரை அறுவடை முடிந்த பிறகு கேட்பதே நியாயம் என்பது நமது அபிப்பிராயம். அதுவரை பொறுக்க முடியாத அவசரமானால், புத்திமதியை நிறுத்திக்கொண்டு, முதலில் அடகுக் கடைக்காரரிடமிருந்து அவரை மீட்க வழி தேடட்டும்.