ஏவல் கேட்க மட்டுமா?

பிறமொழி என்றாலே தமிழன் பகைக்கிறான் என்று பழி சுமத்துவோர் உண்டு. அவர்களைக் குயிலாப்பாளையத்துக்கு அழைக்கிறோம். வரட்டும், பார்க்கட்டும்!

விழுப்புரம் மாவட்டத்துச் சிற்றூர் அது. அதன் அருகே 1968 பிப்ரவரி 28-ல் ஆரோவில் தொடங்கப்பட்டது. 124 நாடுகளின் மண் ஒரே தாழியில் இடப்பட்டது. பல நாட்டு மக்களும் வந்து குடியேறினர். மரம் நடவும், வீடு கட்டவும், சமைக்கவும் நம்மவர் சென்றனர். இலக்கணம் போதித்தவர் யார்? தேர்வு வைத்தவர் யார்? எவருமில்லை! "தண்ணீர் ஊற்று", "நாளை வா" என்று நாள்தோறும் கேட்டது செவி, பழகிவிட்டது நா. தேவை அழைத்தது, பழக்கம் பயிற்றியது.

அதே 1968-ல், ஜனவரி 23 அன்று, அறிஞர் அண்ணா முதல்வராயிருந்தபோது சட்டமன்றம் இருமொழித் தீர்மானம் நிறைவேற்றிற்று. தாழிட்டது திணிப்புக்கு, விரும்பிக் கற்பதற்கு அல்ல. குயிலாப்பாளையமே அதற்குச் சான்று!

ஆயினும் ஒன்று கேட்கிறோம். பழகுவது கூலி பெறுபவன் கடமை மட்டுந்தானா? தமிழ் பேசக் கற்ற வெளிநாட்டார் அங்கே உண்டு, அவர்களைப் போற்றுகிறோம். மற்றவரும் பழகட்டும்!

தோழர்களே! காதால் கற்ற மொழியைக் கண்ணாலும் கற்பீர். நாளுக்கு ஐந்து சொல் எழுதுவீர். கூலிச்சீட்டைப் படிப்பீர், கணக்கைக் கேட்பீர். 'வா' என்றால் வரவும், 'போ' என்றால் போகவும் மட்டுமா மொழி? "ஏன்?" என்று கேட்கவுந்தான்!